நடுங்கும் கையோடு தலைமை தாங்கியவர்: ஈப்போவில் பிறந்த தந்தை செல்வா

பாயான் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் மூன்றாவது மாடியில் ஓர் அண்ணன் இருக்கிறார். கெடாவில் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். இளவயதில் பினாங்குக்கு வந்து, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஷிப்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காலை ஏழரை மணிக்கு மார்க்கெட் பக்கத்துக் கோப்பிக்கடையில் எங்கள் மேசையில் முதலில் வந்து உட்காருபவர் அவர்தான். பத்திரிகையை விரித்து, மரண அறிவிப்புப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குவார்.

ஒரு நாள் அவர் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிறகு கோயிலிலும் காணவில்லை. தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்கு வருடம் தவறாமல் நடந்து போகிறவர், அந்த ஆண்டு போகவில்லை. யாரோடும் சண்டையா, கடனா என்று நாங்கள் ஆளுக்கொரு கதை கட்டினோம். லிஃப்டில் அவர் மனைவியைப் பார்த்தபோது கேட்டேன். யாரிடமும் சொல்லிவிடாதே தம்பி என்று கேட்டுக்கொண்டு, அந்த அக்கா சொன்னார். அண்ணனின் வலது கை நடுங்குகிறது. பார்க்கின்சன் நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோப்பிக்கடையில் ஒரு நாள் கிளாஸைத் தூக்கும்போது தளும்பிச் சட்டையில் கொட்டியிருக்கிறது. பக்கத்து மேசையில் யாரோ, காலையிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தது அவர் காதில் விழுந்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சொட்டுக் கூடக் குடிக்காத மனிதர் அவர்.

மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே தெரிந்தால் பரம்பரை நோய் என்று பேச்சு வரும் என்பது வீட்டின் பயம். ஆகவே கதவு சாத்தப்பட்டது. திரைச்சீலையும் இறங்கியது. அவர் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தொலைக்காட்சி ஓடினாலும் பார்ப்பதில்லை, பேத்தி வந்தாலும் முகம் மலர்வதில்லை என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று இரவு எனக்கு நினைவுக்கு வந்தவர் எஸ்.ஜே.வி. செல்வநாயகம். இலங்கைத் தமிழர்கள் தந்தை செல்வா என்று அழைத்த தலைவர். அவர் நம் நாட்டில், ஈப்போவில் பிறந்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. வாழ்நாளின் கடைசிப் பகுதி முழுவதையும் அவர் இதே நோயோடு கழித்தார் என்பது இன்னும் குறைவான பேருக்குத்தான் தெரியும்.

1898ஆம் ஆண்டு மார்ச் 31ஆம் நாள் அவர் பிறந்தார். கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் கொழித்துக்கொண்டிருந்த காலம் அது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் தோட்டத்திலும் ரயில் பாதையிலும் உடம்பால் உழைத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்து வந்தவர்கள் எழுத்தர்களாகவும் ஆசிரியர்களாகவும் ரயில்வே அலுவலர்களாகவும் இருந்தார்கள். நம் தாத்தாமார் சிலோன்காரர் என்று கொஞ்சம் மரியாதையும் கொஞ்சம் பொறாமையுமாகச் சொல்வார்களே, அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்தான் செல்வநாயகத்தின் தகப்பனார் ஜேம்ஸ் விஸ்வநாதன் வேலுப்பிள்ளை. ஆசிரியராக இருந்து வியாபாரத்துக்கு வந்தவர். தாயார் ஹரியட் அன்னம்மா. பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைக்குத் திரும்பியபோது செல்வநாயகத்திற்கு வயது நான்கு. ஆக, மலாயா அவருக்குப் பிறந்த மண் மட்டுமே. வளர்ந்ததும் வாழ்ந்ததும் அங்கே.

தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, கொழும்பு செயின்ட் தாமஸ் என்று படிப்பு நடந்தது. லண்டன் பல்கலைக்கழகத்தின் அறிவியல் பட்டத்தை வெளிவாரி மாணவராக வாங்கியபோது அவருக்கு இருபது வயதுதான். சில காலம் ஆசிரியர் வேலை. பிறகு சட்டம் படித்து, 1920களில் கொழும்பில் வழக்கறிஞரானார். 1927இல் எமிலி கிரேஸைத் திருமணம் செய்துகொண்டார். நான்கு ஆண் பிள்ளைகள், ஒரு பெண். குடும்பம் கிறிஸ்தவக் குடும்பம். அவரைத் தலைவராக ஏற்றுக்கொண்ட மக்களில் பெரும்பாலோர் சைவர்கள். கோயில் கமிட்டித் தேர்தலுக்கே சாதியும் ஊரும் பார்க்கும் நமக்கு, இது யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அவர் சிவில் வழக்குகளில் பெயர் எடுத்தவர். கிரிமினல் வழக்கறிஞரைப் போல மேசையைத் தட்டிப் பேசுகிறவர் இல்லை. ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல், சுற்றி வளைக்காத பேச்சு. மேடைப் பேச்சுக்கு மயங்கும் தமிழ் அரசியலில் இப்படி ஒருவர் தலைவரானது வியப்புதான். இது பின்னால் உதவியது. நோய் வந்து குரலைக் குறைத்தபோது, குரலை நம்பி அவர் தலைமைக்கு வந்திருக்கவில்லை என்பதால் தலைமை ஆட்டம் காணவில்லை.

1944இல் ஜி.ஜி. பொன்னம்பலம் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் தொடங்கியபோது செல்வநாயகமும் அதில் இருந்தார். 1947 தேர்தலில் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றத்துக்குப் போனார். மறு வருடமே வந்தது பெரிய சோதனை. 1948இன் குடியுரிமைச் சட்டம், மலையகத்தில் தேயிலை கிள்ளிக்கொண்டிருந்த ஏறத்தாழ ஏழு லட்சம் இந்திய வம்சாவளித் தமிழர்களை ஒரே அடியில் நாடற்றவர்களாக்கியது. நமக்கு இங்கே சிவப்பு அடையாள அட்டையின் வேதனை தெரியும். அங்கே நடந்தது அதைவிடப் பெரியது. முதல் நாடாளுமன்றத்தில் ஏழு உறுப்பினர்களை அனுப்பியிருந்த ஒரு சமூகத்திடமிருந்து வாக்குரிமையே பறிபோனது.

பொன்னம்பலம் அரசாங்கத்தில் அமைச்சரானார். செல்வநாயகம் அவரை விட்டு விலகினார். யாழ்ப்பாணத்து வக்கீலுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் அன்றைக்கு அதிகப் போக்குவரத்து இருந்ததில்லை. மேல்மட்ட யாழ்ப்பாணத்தவர்களில் பலர் மலையகத்தாரைத் தம் இனமாகவே எண்ணவில்லை. இன்று அவர்களுக்கு, நாளை நமக்கு என்ற கணக்கை முதலில் போட்டவர்களில் செல்வநாயகம் ஒருவர். 1949 டிசம்பர் 18ஆம் நாள் இலங்கைத் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952 தேர்தலில் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். நான்கு ஆண்டு காத்திருந்து 1956இல் மீண்டும் வென்றார்.

அதே 1956இல்தான் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டம் வந்தது. ஜூன் 5ஆம் நாள் கொழும்பு காலிமுகத் திடலில் அமைதியாக அமர்ந்து சத்தியாக்கிரகம் செய்தவர்களைக் கும்பல் அடித்து விரட்டியது. மறு ஆண்டு ஜூலை 26ஆம் நாள் பிரதமர் பண்டாரநாயக்காவோடு செல்வநாயகம் ஓர் ஒப்பந்தம் செய்தார். பண்டா செல்வா ஒப்பந்தம் என்று வரலாற்றில் நிலைத்த பெயர் அது. 1958 ஏப்ரலில் பிக்குமார் பிரதமர் வீட்டின் முன் உட்கார்ந்து எதிர்க்க, ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அடுத்த மாதம் கலவரம். அகதிகளைக் கப்பலில் ஏற்றி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பும் நிலைமை.

அறுபதை ஒட்டிய அந்த வயதில்தான் பார்க்கின்சன் நோயும் அவரைப் பிடித்தது.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. உடம்பின் அசைவுகளை எண்ணெய் போட்டதுபோல் ஓடவைப்பது அந்த டோபமைன்தான். அது குறையும்போது கை நடுங்கும், தசை விறைக்கும், நடை குறுகும், கையெழுத்துச் சிறுத்துப் போகும், குரல் இறங்கும். இவற்றோடு இன்னொன்றும் நடக்கும், அதைப் பலர் கவனிப்பதில்லை. முகத்தின் சிறு தசைகளும் விறைத்துவிடுவதால் முகம் முகமூடி போலாகிவிடும். உள்ளே சிரிப்பு இருந்தாலும் வெளியே வராது. பார்க்கிறவர்கள், ஆளுக்குத் திமிர் வந்துவிட்டது என்பார்கள், அல்லது புத்தி மங்கிவிட்டது என்பார்கள். இரண்டும் தவறு.

1817இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் ஆறு பேரை வைத்து இந்த நோயை முதன்முதலில் விரிவாக எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் போகும்போது பார்த்ததுதான். கூர்மையான கண் அவருக்கு. ஆனால் புலன்களுக்கும் அறிவுக்கும் இதில் பழுதில்லை என்று எழுதிவிட்டார். அதனால் நெடுங்காலம் மருத்துவர்கள் கையையும் காலையும்தான் பார்த்தார்கள், மனதைப் பார்க்கவில்லை. இன்றைக்குத் தெரிகிறது, இந்த நோய் கண்டவர்களில் பத்துக்கு மூன்று நான்கு பேருக்கு மனச்சோர்வும் சேர்ந்து வருகிறது. நோய் வந்துவிட்டதே என்ற கவலையால் மட்டும் வருவதில்லை. மனநிலையைச் சமன் செய்யும் மற்ற ரசாயனங்களையும் இந்த நோய் குறைக்கிறது. சிலருக்குக் கை நடுங்குவதற்குப் பல ஆண்டு முன்னாலேயே காரணம் தெரியாத சோர்வு வந்து உட்கார்ந்துவிடும். ஆகவே அந்த நோயாளியிடம் போய் மனதைத் தைரியமாக வைத்துக்கொள் என்று சொல்வது, கை நடுங்குகிறவரிடம் கையை ஆட்டாதே என்று சொல்வதற்குச் சமம்.

செல்வநாயகம் நோய்ப்பட்ட காலத்தில் வைத்தியமும் அரைகுறைதான். நடுக்கத்தைக் கொஞ்சம் அடக்கும் மாத்திரைகள் இருந்தன. அவை வாயை உலர்த்தும், முதியவர்களுக்குத் தலையைக் குழப்பும். மண்டை ஓட்டில் துளையிட்டு, மூளையின் உள்ளே ஒரு சிறு புள்ளியைச் செயலிழக்கச் செய்யும் அறுவை சிகிச்சையும் அப்போது பெரிய மருத்துவமனைகளில் நடந்தது. செல்வநாயகம் பிரிட்டனுக்குப் போய்ச் சிகிச்சை பெற்றார். இன்று முதன்மை மருந்தாக இருக்கும் லெவோடோப்பா 1960களின் கடைசியில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த லெவோடோப்பாவை 1937இலேயே மெட்ராஸில் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆய்வாளர்கள் நம் பூனைக்காலி விதையிலிருந்து பிரித்தெடுத்திருக்கிறார்கள். அது இந்த நோய்க்கு மருந்தாகும் என்று உலகத்தில் யாருக்கும் அன்று தெரியாது. உடனே பூனைக்காலிப் பொடியைத் தேடிப் புறப்பட வேண்டாம். பொடியில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளவு சொல்ல முடியாது, மாத்திரையோடு சேர்ந்தால் வம்பாகும்.

இதற்கு மேல் காது கேட்பதும் அவருக்குக் குறைந்துகொண்டே வந்தது. நினைத்துப் பாருங்கள். நடுங்கும் கை, இறங்கிய குரல், மந்தமான செவி. அரசியல்வாதிக்கு வேண்டிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. நம் வீடுகளில் என்றால் பெரியவரைப் பின்னறைக்கு மாற்றியிருப்போம்.

1961 பிப்ரவரியில் தமிழரசுக் கட்சி யாழ்ப்பாணம் கச்சேரி முன்னால் சத்தியாக்கிரகத்தைத் தொடங்கியது. கச்சேரி என்றால் அங்கே மாவட்ட அரசாங்க அலுவலகம். வாசலை மறித்து மக்கள் நாள் கணக்கில் உட்கார்ந்தார்கள். வடக்கிலும் கிழக்கிலும் அரசாங்க வேலை நின்றது. ஏப்ரலில் கட்சி தமிழரசுத் தபால் சேவை என்று ஒன்றைத் தொடங்கி, சொந்தமாகத் தபால்தலை விற்றது. அதன் பிறகு அரசாங்கம் பொறுக்கவில்லை. அவசரகாலச் சட்டம் வந்தது, இராணுவம் வந்தது, தலைவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். அந்தப் போராட்டத்தின் தலைவருக்கு வயது 63. உடம்பில் நோய் ஏறிக்கொண்டிருந்த காலம்.

1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம், ஐந்தே கால் லட்சம் மலையகத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் மூன்று லட்சம் பேருக்கு இலங்கைக் குடியுரிமை என்றும் கணக்குப் போட்டுப் பிரித்தது. 1948இல் அவர் எதற்காகப் பழைய கட்சியை விட்டு வந்தாரோ, அந்த மக்கள் தலையில் இப்படி விடிந்தது. 1965 மார்ச் 24ஆம் நாள் டட்லி சேனநாயக்காவோடு இன்னோர் ஒப்பந்தம். அதுவும் நிறைவேறவில்லை. அந்த அரசாங்கத்தில் கட்சிக்குக் கிடைத்த அமைச்சர் பதவியை அவர் எடுத்துக்கொள்ளவில்லை, வழக்கறிஞர் மு. திருச்செல்வம்தான் அமைச்சரானார்.

இரண்டு பிரதமர்கள், இரண்டு ஒப்பந்தங்கள், இரண்டும் காற்றோடு. நல்ல உடம்புக்காரனையே படுக்கவைக்கும் தோல்விகள் இவை. அவருக்கு மனச்சோர்வு இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரும்பு மனம் என்று மாலை போடவும் வரவில்லை. அவர் வாழ்க்கையில் நான் பார்ப்பது வேறொன்று.

அதற்கு முன் என் தவறு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அண்ணன் வீட்டுக்கு நான் ஒரு நாள் போனேன். செல்வநாயகத்தின் கதையை முக்கால் மணி நேரம் சொன்னேன். உங்கள் நோயோடு ஒருவர் ஒரு நாட்டின் தமிழர்களுக்கே தலைமை தாங்கியிருக்கிறார், நீங்கள் கோப்பிக்கடைக்கு வர முடியாதா என்கிற தொனியில் முடித்தேன். அவர் அசையாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில், அந்த ஐயாவுக்குச் சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு இந்த நாற்காலிதான் இருக்கிறது என்றார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து செல்வநாயகத்தைப் பற்றிய பக்கங்களை மறுபடி புரட்டினேன். இந்தத் தடவை அவரைப் பார்க்கவில்லை, அவரைச் சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன்.

அண்ணன் சொன்னது சரி. அவருடைய குரல் கூட்டத்தின் கடைசி வரிசைக்கு எட்டாது. அமிர்தலிங்கம் போன்ற இளையவர்கள் மேடையில் முழங்கினார்கள். ஆனாலும் தலைவர் நாற்காலியில் அவர்தான் இருந்தார். நடை தளர்ந்தது. பயணத்தை நிறுத்தவில்லை, கூடவே ஆட்கள் போனார்கள். 1972 பிப்ரவரியில் எழுபத்து மூன்று வயதில் அமிர்தலிங்கத்தோடு தமிழ்நாட்டுக்குப் போய் முதலமைச்சர் கருணாநிதியையும் பெரியாரையும் இன்னும் பல தலைவர்களையும் சந்தித்தார். உடம்பு முடியவில்லை, நீங்கள் வீட்டிலேயே இருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று கட்சி அவரை ஓரம் கட்டவில்லை. அன்பின் பெயரால் நாம் செய்கிற பெரிய கொடுமை அந்த ஒரு வாக்கியம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா, நீங்கள் கடைக்குப் போக வேண்டாம். அப்பா, நீங்கள் கல்யாணத்துக்கு வர வேண்டாம், களைப்பாகிவிடும். ஒவ்வொரு வேண்டாமும் ஒரு கதவைச் சாத்துகிறது. கடைசியில் மனிதர் இருட்டறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று நாமே வருத்தப்படுகிறோம்.

1972 மே 22ஆம் நாள் இலங்கை குடியரசானது. புதிய அரசியலமைப்பைத் தமிழர்கள் ஏற்கவில்லை என்று காட்ட, அக்டோபரில் செல்வநாயகம் தம் நாடாளுமன்றப் பதவியைத் துறந்தார். முடிந்தால் இடைத்தேர்தல் வைத்து என்னைத் தோற்கடியுங்கள் என்பது சவால். அரசாங்கம் இரண்டு வருடத்துக்கு மேல் தேர்தலை இழுத்தடித்தது. எழுபத்தைந்தைத் தாண்டிய நோயாளி, காலம் கடந்தால் தானாக ஓய்ந்துவிடுவார் என்று யாராவது கணக்குப் போட்டிருந்தால், கணக்குத் தப்பியது. 1975 பிப்ரவரி 6ஆம் நாள் நடந்த தேர்தலில் 16,000-க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இந்த எண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். காங்கேசன்துறை வாக்காளர்களுக்கு அவருடைய நிலைமை தெரியாததல்ல. நடுக்கத்தை மூடி மறைக்க முடியாது. ஊரறிய நடுங்கிய கைக்குத்தான் அவர்கள் வாக்குப் போட்டார்கள்.

நம் ஊரில் ஒரு விஷயம் ஞாபகம் வருகிறது. 1975 ஜூலை முதல் நாள் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில் முகமது அலி ஜோ பக்னரோடு குத்துச்சண்டை போட்டார். அன்று பார்த்தவர்கள் இன்றும் கதை கதையாகச் சொல்வார்கள். அந்த அலிக்கு 1984இல் பார்க்கின்சன் என்று தெரிந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையால் தீபத்தை ஏற்றியபோது உலகமே எழுந்து நின்றது. அதே நடுக்கம் பாயான் பாருவில் ஒரு கோப்பி கிளாஸில் தெரிந்தால் குடிகாரன் என்கிறோம்.

1976 மே 14ஆம் நாள் வட்டுக்கோட்டையில் நடந்த மாநாட்டுக்குச் செல்வநாயகம் தலைமை தாங்கினார். சமஷ்டி கேட்டுக் கால் நூற்றாண்டு அலைந்த மனிதர், தனி நாடு என்ற தீர்மானத்தில் வந்து நின்ற நாள் அது. அதன் சரி தவறைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்கடுத்து நடந்த ஒரு காட்சியைத்தான் சொல்ல வேண்டும். அமிர்தலிங்கம் உள்ளிட்ட தலைவர்கள் மீது கொழும்பில் விசேட நீதிமன்றம் வைத்து வழக்கு நடந்தது. அவர்களுக்காகத் தமிழ் வழக்கறிஞர்கள் பெரும் அணியாகத் திரண்டார்கள். அந்த அணியில் செல்வநாயகம் இருந்தார். 1948இல் எந்தப் பொன்னம்பலத்தை விட்டுப் பிரிந்தாரோ அந்தப் பொன்னம்பலமும் இருந்தார். ஏறத்தாழ முப்பது ஆண்டுப் பகை. 78 வயது நோயாளியும் பழைய போட்டியாளரும் ஒரே பக்கத்தில் நின்றார்கள். தம் குரலாக மேடைகளில் முழங்கிய அமிர்தலிங்கத்துக்காக, குரல் போய்க்கொண்டிருந்த முதியவர் கறுப்பு அங்கியோடு வந்தார்.

1977இல் வீட்டில் கீழே விழுந்து தலையில் அடிபட்டது. இந்த நோயில் விழுவதுதான் பெரிய ஆபத்து. நடக்கத் தொடங்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும், திரும்பும்போது உடம்பு சாய்ந்துவிடும். குளியலறையில் பிடிகம்பி வைப்பதும் தரையில் கிடக்கும் விரிப்புகளை எடுத்துவிடுவதும் மாத்திரையைப் போலவே முக்கியம் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான். ஏப்ரல் 26ஆம் நாள் அவர் காலமானார். வயது 79. பொன்னம்பலமும் அதே ஆண்டில்தான் மறைந்தார். கிறிஸ்தவராகவே வாழ்ந்து முடிந்த செல்வநாயகத்தின் உடலுக்கு யாழ்ப்பாணத்தில் பெருங்கூட்டம் விடை கொடுத்தது. யாழ்ப்பாணப் பொது நூலகத்துக்குப் பக்கத்தில் அவருடைய நினைவுத் தூண் உயர்ந்து நிற்கிறது. ஈப்போவில் அவர் பேரில் ஒரு பலகையாவது இருக்கலாமே என்று எனக்கு ஆசை உண்டு.

அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். அக்காவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். டாக்டரைப் பார்க்கப் போகும்போது கை நடுக்கத்தைப் பற்றி மட்டும் சொல்கிறீர்களா, அண்ணன் பேசாமல் உட்கார்ந்திருப்பதையும் சொல்கிறீர்களா என்று. அதையெல்லாம் எப்படிச் சொல்வது, பைத்தியம் என்று எழுதிவிடமாட்டார்களா என்று பயந்தார். அடுத்த தவணையில் சொல்லியிருக்கிறார். தூக்கமில்லாதது, சாப்பாடு குறைந்தது, இனி இருந்து என்ன பயன் என்று ஒரு நாள் முணுமுணுத்தது, எல்லாவற்றையும். டாக்டர் எதையும் பைத்தியம் என்று எழுதவில்லை. மனச்சோர்வுக்குத் தனியாக ஒரு மாத்திரை சேர்த்தார். நடுக்கத்துக்கான மாத்திரையை நேரம் தவறாமல் எடுக்கச் சொன்னார். இறைச்சி, மீன், பருப்பு நிறைந்த சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கினால் சிலருக்கு அது சரியாக ஏறாது என்றும் விளக்கினார். தினமும் நடக்கச் சொன்னார். பரம்பரையா என்ற கேள்விக்கு, பெரும்பாலானவர்களுக்கு அப்படி இல்லை என்று பதில் கிடைத்தது. தொற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. மகளின் மாப்பிள்ளை வீட்டாரிடம் இவர்களே போய்ச் சொல்லிவிட்டார்கள். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த வீட்டுப் பாட்டிக்கும் இதே நோயாம், அவர்களும் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள்.

மனச்சோர்வு மாத்திரை மந்திரம் போட்டதுபோல் வேலை செய்யவில்லை. நாலைந்து வாரம் எந்த மாற்றமும் தெரியவில்லை, நிறுத்திவிடலாமா என்று அண்ணனே கேட்டிருக்கிறார். பிறகுதான் மெல்லத் தூக்கம் திரும்பியது. இப்போதும் சில நாள் திரைச்சீலை இறங்கித்தான் இருக்கிறது.

எங்கள் மேசைக்காரர்கள் இப்போது ஞாயிறு தோறும் மூன்று பேராக அவர் வீட்டுக்குப் போகிறோம். முதல் வாரம் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் பதில் சொல்ல நேரமாகும், அதற்குள் நாங்கள் முந்திக்கொண்டு பேசிவிடுவோம். இப்போது காத்திருக்கப் பழகிவிட்டோம். போன மாதம் அவரே மார்க்கெட்டுக்கு இறங்கி வந்தார், மகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கடைக்காரர் கிளாஸை எடுக்கப் போக, அண்ணன் தலையை ஆட்டி, பொட்டலம் கட்டச் சொன்னார். பிளாஸ்டிக் பையில் கோப்பியை ஊற்றி, கயிற்றால் இறுக்கி, ஸ்ட்ராவைச் செருகிக் கொடுத்தார்கள். பை எவ்வளவு ஆடினாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை. அவர் மரண அறிவிப்புப் பக்கத்தை விரித்து வைத்துக்கொண்டு உறிஞ்சத் தொடங்கினார்.